அய்யாத்துரையின் வாளி

"இன்னும் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லுங்க சாமி. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அய்யாத்துரை கேள்வி கேட்க வரவில்லை. பதிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை மடத்துச் சாமி தவமணி வாயால் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

தவமணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அய்யாத்துரை அறுபதைத் தாண்டியவர். ஆனாலும் தரையில் உட்கார்ந்திருந்தது அவர்தான்.

மடம் என்று பெயர். மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் ஷீட் கொட்டகை. சிலை கிடையாது. உண்டியல் கிடையாது. மதியம் யார் வந்தாலும் ஒரு செம்பு கஞ்சி உண்டு. பின்பக்கம் ஒரு அடிகுழாய். அதைச் சுற்றி வெங்காயத்தாள், பாத்தி பாத்தியாக.

மடத்தில் வெங்காயமா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. வெங்காயம் தின்றால் காமம் வரும் என்று நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர் தவமணிக்கே பாடம் எடுத்தார்.

"எனக்குப் பசிதான் வருது" என்றார் தவமணி.

திருநீற்றுக்காரர் அப்புறம் வரவில்லை.

"யாரைப் பொறுக்கச் சொல்லணும்?" என்று தவமணி அய்யாத்துரையைக் கேட்டார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைத்தான் சாமி. ஆடி பிறக்கதுக்கு முன்னால தாம்பூலம் மாத்தணும்னு ஒத்தைக்கால்ல நிக்காங்க."

மகள் பெயர் மகராசி. பதினெட்டு வயதில் பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போனாள். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல். மூன்று வருஷம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மூன்று வருஷம் முடிந்தபோது வீடு பாதிச் சுவரில் நின்றது. இன்னும் ஒரு வருஷம் என்றார் அய்யாத்துரை. வீட்டுக்குக் கூரை போட்டபோது மகன் கோகுல் இன்ஜினியரிங் சேர்ந்தான். இன்னும் ஒரு வருஷம் என்றார். இப்போது அவளுக்கு இருபத்தாறு.

அய்யாத்துரை கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். முட்டுவலி வந்த பிறகு வேலைக்கும் போக மாட்டார்.

மாப்பிள்ளைப் பையன் மில்லுக்குப் பக்கத்தில் தறிப்பட்டறையில் மெக்கானிக். அவனுக்கு மகராசியைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனை. பெண் கேட்டு அவன் அம்மா கிட்ணம்மாள் பஸ் ஏறி வந்தார். பெண்ணை மட்டும் குடுங்க, வேறே எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அய்யாத்துரைக்கு ஒரு காரணமும் சிக்கவில்லை.

காரணம் சிக்காதபோதுதான் மனிதர்கள் சாமியைத் தேடுகிறார்கள்.

"மகள் என்ன சொல்றா?"

"அவ என்ன சாமி சொல்லப்போறா. தங்கமான பிள்ளை. இன்னைவரைக்கும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை."

"நீங்க கேட்டீங்களா?"

அய்யாத்துரை முட்டியைத் தடவிக்கொண்டார். கேட்கவில்லை. அவள்தான் ஒருமுறை போனில் கேட்டாள், அவங்க வந்தாங்களாப்பா என்று. பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் பேச்சு சுருங்கிவிட்டது. போட்டுடுதேன்ப்பா என்பாள். ம் என்பாள். வேறே ஒன்றும் கிடையாது. அது மட்டும் நெஞ்சில் முள்ளாட்டம் இருக்கிறது சாமி என்றார்.

"போட்டுடுதேன்னா?"

"சம்பளத்தை சாமி. பேங்குல."

தவமணி எழுந்து பின்பக்கம் போனார். அய்யாத்துரையும் போனார். அங்கே ஒரு பழைய பெயிண்ட் வாளி கவிழ்ந்து கிடந்தது. தவமணி ஒரு ஆணியையும் கல்லையும் அவர் கையில் கொடுத்தார்.

"அடியில ஓட்டை போடுங்க."

போட்டார்.

"மண்ணை அள்ளுங்க. சாணத்தூள் அந்தச் சாக்குல இருக்கு. ரெண்டையும் கலந்து நிரப்புங்க."

முட்டுவலியோடு நிரப்பினார். ஏதோ பரிகாரம் என்று நினைத்தார். பரிகாரம் என்றால் செய்துவிடலாம். பரிகாரம் சுலபம்.

தவமணி சமையல்கட்டுக் கூடையிலிருந்து நாலைந்து பல்லாரி எடுத்து வந்தார். பெரிய வெங்காயத்தை அந்தப் பக்கம் பல்லாரி என்றுதான் சொல்வார்கள். எல்லாம் தலையில் முளை விட்டவை. கனமானவை.

"பாதி மண்ணுக்குள்ளே, கழுத்து வெளியே. முழுசா மூடினா அழுகிடும்."

நட்டார். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது உங்க வாளி" என்றார் தவமணி. "தினம் மதியம் இங்கே வந்து கஞ்சி குடிங்க. தொட்டுக்க வேறே எதுவும் கிடையாது. இதுல வர்ற தாள்தான். எவ்வளவு வேணுமோ அறுத்துக்குங்க. தாள் வர்றது நின்னுபோச்சுன்னா என்கிட்டே வந்து சொல்லுங்க. அன்னைக்கு உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன்."

"அதுவரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சாமி சொல்ல?"

தவமணி உள்ளே போய்விட்டார்.

அய்யாத்துரை பஸ் ஸ்டாப்பில் நின்று யோசித்தார். தாள் வருகிறவரை பதில் கிடையாது. பதில் வருகிறவரை முடிவு சொல்ல வேண்டியதில்லை. சாமி உத்தரவு இன்னும் வரலை என்று சொன்னால் எவன் என்ன கேட்க முடியும்?

அவருக்கு முகம் தெளிந்தது. அன்று ஒரு டீ கூடுதலாகக் குடித்தார்.

மடத்தில் லிங்கத்துரை என்று இன்னொருவர் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி செத்த பிறகு மடத்தோடு ஒட்டிக்கொண்டார். வாய் சும்மா இருக்காது. பாத்திகளை அவர்தான் பார்த்துக்கொண்டார்.

பல்லாரி சீக்கிரமே தாள் விட்டது. பச்சைக் குழல் மாதிரி, ஒன்றுக்குள்ளிருந்து ஒன்று. ஒரு சாண் உயரம் வந்ததும் அய்யாத்துரை அறுத்தார். ஒரு கொத்தை மொத்தமாகப் பிடித்து, கத்தியால் கழுத்தோடு ஒரே இழுப்பு. பச்சையாகவே கஞ்சிக்குக் கடித்துக்கொண்டார். உறைப்பு சுள்ளென்று இருந்தது.

"வே, என்ன மொட்டை போட்டுட்டீரு" என்றார் லிங்கத்துரை. "நேர்த்திக்கடனா?"

"வளரும்வே. நாளைக்குப் பாரும்."

மறுநாள் வந்து பார்த்தார். அறுத்த இடத்திலிருந்து விரற்கடை அளவுக்குப் புதுத் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. அய்யாத்துரைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. லிங்கத்துரையைக் கூப்பிட்டுக் காட்டினார். தவமணியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அறுத்த வலிகூடத் தெரியலை பாருங்க சாமி. கேக்காமலே குடுக்குது. என் மகளும் இப்படித்தான்."

தவமணி அவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அய்யாத்துரை கஞ்சி குடிக்கப் போய்விட்டார்.

தண்ணீர் ஊற்றுவதும் அவர் வேலைதான். அறுக்க வரும்போது ஒரு குவளை ஊற்றுவார். முட்டுவலி என்று வராத நாள்களில் வாளியின் ஞாபகமே வராது. அந்த நாள்களில் அது காயும். மறுபடி பசித்து வரும்போது, வந்திருக்கியா என்கிற மாதிரி குனிந்து பார்ப்பார். வந்திருக்கும். எப்படியோ வந்திருக்கும்.

லிங்கத்துரை தன் பாத்தியில் ஒவ்வொரு செடியிலும் வெளித்தாளை மட்டும் ஒன்று கிள்ளுவார். அதைப் பார்த்து அய்யாத்துரை சிரித்தார்.

"பூப்பறிக்கீராவே? கண்டக்டர் புத்தி போகலை. சில்லறை சில்லறையா எடுக்கீரு."

"நீரு மொத்தப் பஸ்ஸையும் இறக்கி விட்டுட்டீரே" என்றார் லிங்கத்துரை.

ஒருநாள் கஞ்சிக்கு நடுவில் அய்யாத்துரையின் போன் அடித்தது. ஹாஸ்டல் வார்டன்.

மகராசி மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். பெரிதாக அடியில்லை. நெற்றியில் தையல். உடம்பில் ரத்தம் ரொம்பக் கம்மி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள்.

அய்யாத்துரை பதறிப்போனார். அது நிஜம். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அப்புறம் கேட்டார்.

"படுத்திருக்கிற நாளுக்குச் சம்பளம் பிடிப்பாங்களாம்மா?"

லிங்கத்துரை மெல்லுவதை நிறுத்தினார்.

போனை வைத்த பிறகு அய்யாத்துரை யாரையும் பார்க்காமல் பேசினார். கோகுலுக்குக் கடைசி வருஷம், இந்த நேரத்தில் ஒரு மாசம் துண்டு விழுந்தாலும் கஷ்டம், அதனால்தான் கேட்டேன், வேறே எதுக்கும் இல்லை. யாரும் எதுவும் கேட்காதபோதே இவ்வளவும் சொன்னார்.

"அவளுக்கு என்ன கறி பிடிக்கும்?" என்றார் தவமணி.

"யாருக்கு?"

"மகராசிக்கு."

அய்யாத்துரை யோசித்தார். நன்றாக யோசித்தார்.

"எல்லாம் சாப்பிடுவா சாமி. இன்னதுன்னு கிடையாது. கோகுலுக்குத்தான் மீன் இல்லாம சோறு இறங்காது."

 தவமணி அவருடைய கஞ்சிக் கும்பாவைக் காட்டினார். குடிக்கச் சொல்லி.

குடித்தார்.

ஆனி மாதம் பாதி போனதும் கிட்ணம்மாள் மடத்துக்கே வந்துவிட்டார். வீட்டில் போய் விசாரித்திருக்கிறார். அய்யாத்துரை மதியத்துக்கு மடத்தில்தான் இருப்பார் என்று தெரிந்துகொண்டு நேராக வந்தார். வெயிலில் நடந்து வந்த முகம். கையில் ஒரு ஒயர் கூடை. கூடையில் பழம், வெற்றிலை. சம்மதம் சொன்னால் அங்கேயே கொடுத்துவிடலாம் என்று நினைத்து வந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, நான் சுத்தி வளைக்கலை" என்றார். "பையன் காத்திருக்கேங்கான். நான்தான் முடியாதுன்னுட்டேன். அவனுக்கும் வயசு போகுது. உங்க மகளை ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். கையைப் பிடிச்சா எலும்புதான் இருக்கு. என் வீட்டுல அவளை வேலைக்கு அனுப்ப மாட்டேன். ரெண்டு மாசம் உக்கார வச்சுச் சோறு போடுதேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

இதை விட வேறு என்ன சொல்ல முடியும் ஒரு மனுஷியால்?

அய்யாத்துரை வாளியைக் காட்டினார்.

"சாமி உத்தரவு இன்னும் வரலைம்மா. இதுல தாள் வர்றது நின்னாத்தான் பதில்."

கிட்ணம்மாள் வாளியைப் பார்த்தார். கதவருகே நின்ற தவமணியைப் பார்த்தார்.

"ஒரு வெங்காயத்துக்காகவா?"

தவமணி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் பார்வை அய்யாத்துரை மேல் இருந்தது. அய்யாத்துரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்ணம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். கஞ்சி குடிச்சிட்டுப் போங்கம்மா என்று லிங்கத்துரை கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

ஆனி முடிவதற்குள் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது.

செய்தியை அய்யாத்துரையே மடத்துக்குக் கொண்டுவந்தார். வரும்போதே நடை லேசாக இருந்தது. முட்டுவலி அன்று இல்லை.

"கடவுளாப் பாத்து தள்ளி வச்சிட்டாரு சாமி. நாம வேண்டாம்னு சொல்லலை. அவங்களாப் போயிட்டாங்க. நம்ம மேல பழி கிடையாது. அடுத்த வருஷம் கோகுல் வேலைக்குப் போயிருவான். அப்புறம் நல்ல இடமாப் பாப்போம்."

மகராசிக்குத் தெரியுமா என்று லிங்கத்துரை கேட்டார்.

"அந்தப் பையனே சொல்லியிருக்கான்."

"பிள்ளை என்னவே சொல்லிச்சு?"

"ம்னு சொன்னா."

அன்று அவர் இரண்டு செம்பு கஞ்சி குடித்தார். வாளியிலிருந்த தாள் முழுவதையும் வழித்து எடுத்தார். ஏதோ கொஞ்சம்தான் இருந்தது. நூல் மாதிரி, நுனி மஞ்சளாக.

அவர் போன பிறகு லிங்கத்துரை தவமணி முன்னால் வந்து நின்றார். உட்காரவில்லை.

"சாமி, ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக்கூடாது."

"சொல்லுங்க."

"உங்க வாளியாலதான் அந்தப் பிள்ளை வாழ்க்கை போச்சு. நீங்க அன்னைக்கே அந்த ஆளைப் பிடரியில தட்டி, கட்டிக்குடுய்யான்னு சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரு. நீங்க சொன்னா கேப்பாரு. வெங்காயம் வச்சு வெளாட்டு காட்டிட்டு இருந்தீங்க."

தவமணி மறுக்கவில்லை.

"ஆமா."

"ஆமாவா?"

"நாலு தடவை அறுத்தா அவருக்கே தெரிஞ்சிடும்னு நினைச்சேன். அந்தம்மா வந்தப்பவாவது நான் பேசியிருக்கணும். அவரே பேசுவாரான்னு பாத்துக்கிட்டு நின்னேன். தப்பு."

லிங்கத்துரை அதை எதிர்பார்க்கவில்லை. சாமி ஏதாவது பெரிதாகச் சொல்வார், தான் வாயடைத்துப் போவோம் என்று நினைத்து வந்தவர். தவமணி அழுக்குக் கும்பாக்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அன்று அவர் கஞ்சி குடிக்கவில்லை.

ஆடி பிறந்தது. காற்று மண்ணை வாரி இறைத்தது.

அய்யாத்துரை வந்து வாளியைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார். மறுநாள் வந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. காய்ந்த கழுத்து மட்டும் மண்ணுக்கு மேலே நின்றது. இன்னொரு குவளை ஊற்றினார். விரலால் தட்டிப் பார்த்தார். தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி.

"நல்ல ஜாதி இல்லை போல" என்றார் லிங்கத்துரையிடம். "உம்ம பாத்தியில எல்லாம் இன்னும் கொழிக்குதேவே."

லிங்கத்துரை அடுத்த பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். அவரிடம் இப்போதெல்லாம் லிங்கத்துரை ஜோக் அடிப்பதில்லை.

கஞ்சிக்குத் தொட்டுக்க ஒன்றும் இல்லை. சரி, தாள் போனால் போகட்டும், அடியில் வெங்காயம் இருக்கிறதே, அதையாவது கடித்துக்கொள்ளலாம் என்று அய்யாத்துரை நினைத்தார். கழுத்தைப் பிடித்து இழுத்தார்.

பலமாக இழுத்தார். கனமாக இருக்கும் என்று நினைத்து இழுத்தவர், பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

கையில் கனமே இல்லை.

ஒரு சருகு. காற்றில் ஆடுகிற தோல். அதற்குள் இன்னொரு தோல். அதற்குள் கொஞ்சம் ஈரமான கறுப்பு. நாற்றம்.

அடுத்ததை இழுத்தார். அதுவும் அப்படித்தான். மண்ணைக் கையால் கிளறினார். வாளியையே கவிழ்த்துக் கொட்டினார். மண்ணுக்குள் தோல்தான் இருந்தது. வேர்கள் பழைய நூல் மாதிரி உதிர்ந்தன.

தோலைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே போனார். தவமணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, தாள் நின்னுபோச்சு."

"ம்."

"வெங்காயத்தையும் காணோம் சாமி. கனமா நாலஞ்சு வச்சோமே. எலி தின்னிருக்குமோ?"

"எலி வரலை."

"அப்ப எங்கே போச்சு?"

"நீங்கதானே தினம் சாப்பிட்டீங்க."

அய்யாத்துரைக்குச் சுருக்கென்றது. செய்யாத திருட்டைச் சொன்ன மாதிரி.

"நான் தாளைத்தானே சாமி அறுத்தேன். வெங்காயத்தைத் தொடவே இல்லையே."

தவமணி முறத்தைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்தார். 

அய்யாத்துரை தன் கையைப் பார்த்தார். தோலைப் பார்த்தார். மூட வேண்டும் போல இருந்தது. விரல்களை மூடினார். தோல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. உடனே விரித்தார். அதற்குள் அது தூளாகிவிட்டது.

நின்றுகொண்டே இருந்தார்.

வாசலில் லிங்கத்துரை யாருக்கோ கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். செம்பு கும்பாவில் இடிக்கிற சத்தம். அய்யாத்துரை அங்கேயே நின்றார். பிறகு அப்படியே கீழே உட்கார்ந்தார். முட்டி மடங்கியபோது வலித்தது. அதை அவர் தடவவில்லை.

"என் கேள்விக்குப் பதில் வேண்டாம் சாமி" என்றார்.

"நான் சொல்லவும் இல்லை."

"அவளை வரச் சொல்லப்போறேன். இன்னைக்கே. வேலை போதும்னு சொல்லப்போறேன்."

"சொல்லுங்க."

அய்யாத்துரை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கையில் இருந்த தூள் போன் மேல் ஒட்டியது. நம்பரைத் தேடினார். அழுத்தவில்லை.

"எப்படி ஆரம்பிக்க சாமி?"

தவமணி முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது.

"உங்க மக. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியலை. வேறே எதுவும் நான் அவகிட்டே பேசினதில்லை."

அது பொய்யில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் சொன்ன முதல் முழு உண்மை அதுதான்.

தவமணி முறத்தை மறுபடி எடுத்தார்.

"சாப்பிட்டியான்னு கேளுங்க."

அய்யாத்துரை அழுத்தினார். வார்டன் எடுத்தார். மகராசி ஷிப்டில் இருக்கிறாள் என்றார். காத்திருக்கேன் என்றார் அய்யாத்துரை. நெற்றித் தையல் பிரித்த மறுநாளே அவள் மெஷினுக்குப் போய்விட்டாளாம். யார் அனுப்பியது என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் வார்டன் என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும்.

காதில் மில்லின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பெயர் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். பிறகு செருப்புச் சத்தம். இருமல்.

"சொல்லுங்கப்பா" என்றாள் மகராசி. மூச்சு வாங்கியது. "சம்பளம் இன்னும் ஏறலைப்பா. ஏறினதும் போட்டுடுதேன்."

"அதுக்கு இல்லம்மா."

அந்தப் பக்கம் ஒரு இருமல்.

அய்யாத்துரை தொண்டையைச் செருமினார்.  மறுபடி செருமினார்.

"சாப்பிட்டியாம்மா?"

இரைச்சல். இரைச்சலுக்குள் அவள் மூச்சு. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்பா" என்றாள் அவள். குரல் நடுங்கியது. "யாருப்பா செத்துட்டா?"